ரிலாக்ஸ் பண்ண நூல் நூற்காதீர்கள்

"மாஸ்டர்ஸ் முடிச்ச பொடியன், கிழவி மாதிரி நூல் நூற்கிறானாம்" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு மாமா சொல்லிச் சிரித்தார். சாப்பாட்டு வரிசையில் எனக்கு இரண்டு ஆட்களுக்கு முன்னால் நின்றவர். எனக்குக் கேட்கும் என்று தெரிந்துதான் சொன்னார். பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் உடனே எனக்காகப் பரிந்து பேசினார்: "இல்லை அண்ணை, இப்ப எல்லாரும் செய்யினம். ஸ்ட்ரெஸ்ஸுக்கு நல்லதாம்."

மாமாவின் நக்கலைவிட அக்காவின் ஆதரவுதான் எனக்குக் கூடுதலாகக் கோபத்தைக் கிளப்பியது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு: நான் லண்டனில் ஐ.ரி. ஆலோசகர். கொம்பனிகளின் பழைய சிஸ்டங்களைப் புதியவற்றுக்கு மாற்றிக் கொடுப்பது பகல் வேலை. மூன்று வருடமாக இரவில் ஆட்டு ரோமத்தை வாரி, தக்ளியில் நூற்று, அந்த நூலில் பின்னுகிறேன். தக்ளி என்றால் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. ஒரு மெல்லிய தடி, அதில் ஒரு வட்டத் தட்டு, நுனியில் ஒரு கொக்கி. தடியைச் சுண்டிவிட்டால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு சுழலும். அந்தச் சுழற்சி உங்கள் விரல்களுக்கு இடையில் இருக்கும் ரோமத்துக்குள் ஏறி அதை நூலாக்கும்.

இப்போது இதை விற்கிற விதத்தைப் பாருங்கள். ஒரு அழகான பெட்டி. அதற்குள் சாயம் போட்ட, வாரித் தயாராக்கிய கம்பளி, ஒரு தக்ளி, ஒரு மெழுகுதிரி, "மூச்சை உள்ளே இழுங்கள்" என்று ஒரு அட்டை. வீடியோவில் ஒரு பெண் யன்னலோரம் இருந்து சிரித்தபடி நூற்பார். நூல் அறுவதே இல்லை. தக்ளி நிலத்தில் விழுவதே இல்லை. பின்னணியில் பியானோ.

உண்மையான ரோமம் பண்ணையிலிருந்து வரும்போது சாணி நாறும். அதில் வைக்கோல், முள், காய்ந்த சேறு எல்லாம் இருக்கும். லானொலின் என்ற எண்ணெய்ப் பசை கையில் ஒட்டும். சுடுதண்ணீரில் ஊறவைக்க வேண்டும், ஆனால் அலசிக் கசக்கக் கூடாது. கசக்கினால் இறுகித் தடித்த கம்பளித் துண்டாகிவிடும். பிறகு காயவைத்து, கம்பிப்பல் வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து வார வேண்டும். அதன் பிறகுதான் தக்ளி. முதல் மாதம் முழுக்க நூல் அறுந்துகொண்டே இருக்கும். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து "என்ன அடிக்கடி விழுது?" என்று கேட்பார். கழுத்து நோகும்.

இதில் ரிலாக்ஸ் எங்கே இருக்கிறது? கை பழகிய பிறகு மனம் அடங்குகிறது என்பது உண்மைதான். கோப்பை கழுவும்போதும் அடங்குகிறது. அதற்காகக் கோப்பை கழுவுவதை யாரும் பெட்டியில் போட்டு விற்பதில்லை.

என் கோபம் இதுதான். மனித வரலாற்றில் மிகப் பெரிய அளவில் செய்யப்பட்ட வேலைகளில் ஒன்றை, கோடிக்கணக்கான பெண்களின் வாழ்நாளைத் தின்ற ஒரு வேலையை, எங்களுடைய வார இறுதி நிம்மதிக்கான மருந்தாக மாற்றிவிட்டார்கள். மாமா அதைக் கேவலம் என்கிறார், அக்கா அதைத் தெரபி என்கிறார். இரண்டு பேருமே அதை வேலை என்று சொல்லவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் எங்கட அப்பா அம்மாமார். பிள்ளை பின்னல் ஊசியைக் கையில் எடுத்தால் முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு யாராவது "பின்னல் என்பது கோடிங் மாதிரி, மூளைக்கு நல்லது, கணக்கு வளரும்" என்று சொன்னால் முகம் மலரும். யூனி விண்ணப்பத்தில் போடலாமோ என்று கேட்பார்கள். தம்பி, தங்கச்சி, இந்தப் பேரத்துக்கு உடன்படாதீர்கள். பின்னலில் கணக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நூற்றலுக்குள் நல்ல பொறியியலும் இருக்கிறது, கீழே சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கும். ஆனால் கைவேலை ஒன்று மதிப்புப் பெறுவதற்கு ஐ.ரி. வேலையிடம் வந்து சான்றிதழ் வாங்க வேண்டும் என்றால், அங்கேயே அதை அவமதித்தாகிவிட்டது.

சரி, பொறியியல். ஒரு கம்பளி இழை சில அங்குல நீளம்தான். அப்படியிருக்க, அதிலிருந்து கிலோமீற்றர் நீளமான நூல் எப்படி வருகிறது? பசை இல்லை, முடிச்சு இல்லை. முறுக்கு மட்டும்தான். முறுக்கும்போது இழைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கின்றன. நூலை இழுக்க இழுக்க அந்த நெருக்கம் கூடுகிறது, உராய்வு கூடுகிறது, வழுக்கிக் கழல முடியாமல் போகிறது. முறுக்குப் போதாவிட்டால் நூல் சத்தமில்லாமல் கழன்று விழும். கூடிவிட்டால் சுருண்டு சுருண்டு தனக்குள்ளேயே பின்னிக்கொள்ளும்.

இதைவிட அழகானது ஒன்று இருக்கிறது. நூலில் மெல்லிய இடமும் தடித்த இடமும் இருந்தால் முறுக்கு முதலில் மெல்லிய இடத்துக்குத்தான் ஓடும். மெல்லிய இடம் இறுகிப் பூட்டிக்கொள்ளும். தடித்த இடம் இளகியே இருக்கும். அப்போது நீங்கள் மெதுவாக இழுத்தால் தடித்த இடம் மட்டும் நீண்டு மெலியும். நூல் தன்னைத்தானே சமப்படுத்திக்கொள்கிறது. பின்னூட்டக் கட்டுப்பாடு பற்றி யூனியில் ஒரு முழுத் தவணை படித்தேன். அதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை அங்கே யாரும் காட்டவில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாத பெண்கள் இதை விரல் நுனியில் ஆயிரக்கணக்கான வருடங்களாக வைத்திருந்தார்கள்.

ஒற்றை இழையை வலப்பக்கம் சுழற்றி நூற்றால், இரண்டு இழைகளைச் சேர்க்கும்போது இடப்பக்கம் சுழற்ற வேண்டும். எதிர் முறுக்கு. அப்போதுதான் இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று சமன்செய்து நூல் அமைதியாகத் தொங்கும். இதைச் செய்யாமல் ஒற்றை இழையிலேயே பின்னினால் சுவெற்றர் ஒரு பக்கம் சரிந்து போகும். கடையில் வாங்கிய மலிவான ரீசேர்ட்டின் பக்கத் தையல் சில தோய்ச்சலுக்குப் பிறகு வயிற்றுப் பக்கமாக முறுகி வருவதைக் கண்டிருப்பீர்கள். அதற்கும் பெரும்பாலும் நூலின் முறுக்குத்தான் காரணம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பதிவின் மையம் இதுதான்.

என் அளவுக்கு, நடுத்தரத் தடிப்பான நூலில் ஒரு சுவெற்றர் பின்ன ஏறத்தாழ 1,100 மீற்றர் நூல் வேண்டும். அது இரட்டை இழை. ஆகவே 2,200 மீற்றர் ஒற்றை இழை நூற்க வேண்டும். என் கைக்குத் தக்ளியில் ஒரு மணித்தியாலத்துக்கு 40 மீற்றர் வருகிறது. நேரம் பிடித்து அளந்தேன், சும்மா சொல்லவில்லை. அப்படியென்றால் நூற்க 55 மணித்தியாலம். இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்க 15. ரோமத்தைக் கழுவி, பொறுக்கி, வார இன்னொரு 15. பின்ன 60. மொத்தம் 145 மணித்தியாலம். 2025 ஏப்ரலில் பிரித்தானியாவில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுணாக இருந்தது. பெருக்கிப் பாருங்கள்: 1,770 பவுண். இதில் ஆட்டுக்கும் பண்ணைக்காரருக்கும் ஒரு சதமும் சேர்க்கவில்லை.

என்னைவிடக் கைதேர்ந்த ஒருவர் இதைப் பாதி நேரத்தில் முடிப்பார். ராட்டையில் இருந்தால் இன்னும் குறையும். சரி, நாலில் ஒன்று என்றே வையுங்கள். அப்போதும் 440 பவுணுக்கு மேல். இயந்திரம் வருவதற்கு முன் உலகத்தில் இருந்த ஒவ்வொரு போர்வையும் ஒவ்வொரு பாய்மரச் சீலையும் ஒவ்வொரு குழந்தையின் துணியும் இந்தக் கணக்குக்குள்தான் இருந்தது. ஒரு நெசவாளருக்கு ஓயாமல் நூல் கொடுக்கப் பல பேர் நூற்க வேண்டும். அதனால்தான் பெண்கள் நடக்கும்போதும் நூற்றார்கள், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தும் நூற்றார்கள்.

ஆங்கிலத்தில் திருமணமாகாத பெண்ணை 'ஸ்பின்ஸ்டர்' என்பார்கள். அது ஒரு காலத்தில் நூல் நூற்கிறவள் என்ற தொழிற்பெயர். தனியாக வாழ்ந்த பெண்ணுக்குக் கிடைத்த வருமானம் அதுதான் என்பதால் சொல் அப்படித் திரும்பியது. இது வெள்ளைக்காரக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஆண் துணையில்லாத பெண்கள் தங்கள் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூலைப் பற்றி நற்றிணையில் ஒரு பாட்டு பேசுகிறது. இரண்டு மொழி, இரண்டு காலம், ஒரே பெண்.

தமிழ்ப் பள்ளியில் எங்களுக்குப் படிப்பித்தார்கள், நூல் என்றால் புத்தகம், நூல் என்றால் இழை. ஒரு சொல் இரு பொருள் என்று கொப்பியில் எழுதி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் அந்த ஒப்பீட்டைக் கடைசிவரை கொண்டுபோகிறார். அவர் கணக்கில் சொற்கள்தான் பஞ்சு, புலவன்தான் நூற்கும் பெண், வாய்தான் கை, புத்திதான் கதிர். இலக்கணம் எழுதிய ஒரு முனிவர் தன்னை நூற்கும் பெண்ணோடு ஒப்பிடக் கூச்சப்படவில்லை. எங்கட மாமா கூச்சப்படுகிறார்.

மாமாவுக்கு நியாயமும் செய்ய வேண்டும். அவர் இருபது வருடம் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்தவர். என் அம்மா வந்த புதிதில் ஒரு பக்கிங் ஃபக்ரறியில் நின்றபடியே எட்டு மணித்தியாலம் வேலை செய்தவர். தங்கள் பிள்ளைகள் இனிக் கையால் உழைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவும் செய்தார்கள். அந்தப் பிள்ளை காசு கொடுத்து ஆட்டு ரோமம் வாங்கி வந்து கையால் உழைத்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த இளக்காரம் முழுவதும் லண்டனில் பிறந்ததில்லை. ஊரிலிருந்து பெட்டியில் வந்ததும் அதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நெசவும் நூலும் சேணியருக்கும் கைக்கோளருக்கும் உரிய வேலை என்று சாதியாக ஒதுக்கி வைத்திருந்தோம். வள்ளுவரை ஒவ்வொரு மேடையிலும் தூக்கிப் பிடிக்கிறோம். அவர் நெசவாளர் என்று சொல்லும் மரபுக் கதை மட்டும் மேடையேறுவதில்லை. "படிச்ச பிள்ளைக்கு ஏன் இந்த வேலை" என்ற கேள்விக்குள் "இது எங்கட ஆக்கள் செய்கிற வேலை இல்லை" என்பதும் மெல்லிய குரலில் இருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

அந்த இளக்காரத்துக்கு இன்றைக்கும் ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பது நாங்கள் இல்லை.

நீங்கள் போட்டிருக்கும் ரீசேர்ட்டை நீட்டி உற்றுப் பாருங்கள். குட்டிக் குட்டிக் கண்ணிகள் தெரியும். அது நெய்த துணி இல்லை, பின்னிய துணி. என் ஊசி போடுகிற அதே கண்ணியை வட்டப் பின்னல் இயந்திரம் போட்டிருக்கிறது. கழுத்துப் பட்டியில் இந்தியா என்று இருந்தால், அது 'பனியன் நகரம்' என்று பெயரெடுத்த திருப்பூரில் தைக்கப்பட்டதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த நூல் கோயம்புத்தூர், திண்டுக்கல், ஈரோடு பக்கத்து ஆலைகளில் நூற்கப்பட்டிருக்கலாம். அந்த ஆலைகளில் ஓடியதுதான் 'சுமங்கலித் திட்டம்'. ஏழைக் கிராமங்களிலிருந்து பதின்ம வயதுப் பெண்களைக் கூட்டி வந்து, ஆலை விடுதியில் வைத்து, மூன்று வருடம் முடித்தால் சீதனத்துக்கு ஒரு தொகை என்று சொல்லி வேலை வாங்கும் ஒப்பந்தம். நினைத்தபடி வெளியே போக முடியாது. இடையில் நோய் வந்து விலகினால் அந்தத் தொகை கிடைக்காமல் போகலாம். 2011 இல் நெதர்லாந்தின் இரண்டு அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகுதான் ஐரோப்பியக் கடைகள் கேள்வி கேட்கத் தொடங்கின. அந்தப் பிள்ளைகளில் பலர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தமிழில்தான் அழுதார்கள். எங்கள் மொழி.

நூல் என்பது குழாயில் தண்ணீர் வருவதுபோலத் தானாக வரும் என்று நினைக்கிறவருக்கு இந்தச் செய்தி ஒரு செய்தி மட்டும்தான். 55 மணித்தியாலம் நூற்ற கைக்கு அது வேறுமாதிரிக் கேட்கும். நூற்பு இயந்திரத்தில் கதிர் நிமிடத்துக்கு 15,000 தடவைக்கு மேல் சுழல்கிறது, ஒரு இயந்திரத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரத்துக்கு மேலும்கூட, கதிர்கள் இருக்கும். அவ்வளவு வேகத்திலும் நூல் அறும். அதை ஓடிப்போய் முடிய ஒரு விரல் வேண்டும். நான் முடிகிற அதே இடத்தில் அவளுடைய விரல்.

இயந்திரமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நான் இஞ்சினியர், எனக்கு அந்த வரலாறு பிடிக்கும். 1760களில் லங்காஷயரில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் எட்டுக் கதிர்களை ஒரே சில்லில் ஓடவிட்ட கதையும், பயந்துபோன அயலவர்கள் வந்து அவருடைய இயந்திரங்களை உடைத்த கதையும் அதில் அடங்கும். காந்தியும் இயந்திரத்தை அப்படியே ஒதுக்கவில்லை. 1929 இல் அவருடைய நூற்போர் சங்கம் மேம்பட்ட ராட்டை ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. நிபந்தனைகளை வாசித்தால் எங்கள் ஒஃபிஸில் வருகிற தேவைப் பட்டியல் தோற்றுப்போகும்: எட்டு மணித்தியாலத்தில் 16,000 அடி நூல், விலை 150 ரூபாய்க்குள், 20 வருடம் உழைக்க வேண்டும். பரிசை யாரும் வாங்கவில்லை. பிற்பாடு வந்த, பல கதிர்கள் கொண்ட அம்பர் ராட்டையைச் செய்தவர் ஒரு தமிழர், ஏகாம்பரநாதன். 'அம்பர்' என்பது அவருடைய பெயரின் நடுத்துண்டு. எத்தனை தமிழ் மேடைகளில் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்? மென்பொருள் செய்திருந்தால் கேட்டிருப்போம்.

சுற்றுச்சூழலைக் காப்பாற்றத்தான் நூற்கிறேன் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒரு சின்னச் சண்டை. ஒரு சுவெற்றரை நீங்களே நூற்றால் உலகம் குளிராது. ஆனால் இந்த நாட்டில் ரோமத்துக்கு நடக்கிறதைத் தெரிந்துகொள்ளலாம். 2020 இல் பிரித்தானியப் பண்ணைக்காரருக்கு ஒரு கிலோ ரோமத்துக்குக் கிடைத்தது 30 பென்ஸ் அளவில்தான். ஒரு ஆட்டின் ரோமத்தை வெட்டுகிற கூலி ஒரு பவுணுக்கு மேல். சிலர் ரோமத்தைக் கொளுத்தினார்கள், சிலர் உரக்குழியில் போட்டார்கள். அதே வருடம் அதே ஊர்க் கடைகளில் பிளாஸ்டிக்கான அக்ரிலிக் சுவெற்றர் குவிந்து கிடந்தது. 60க்கு மேற்பட்ட ஆட்டு இனங்கள் இருக்கும் தீவு இது!

ஆண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. யோர்க்ஷயரில் டென்ட் என்ற பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் எல்லோரும் நடந்துகொண்டே பின்னினார்கள். அது வயிற்றுப்பாடு. 'ஆம்பிளை பின்னுவானா' என்ற கேள்வி அங்கே எவருக்கும் வந்திருக்காது. ரயிலில் பின்னும்போது என்னையும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: அந்த மெழுகுதிரிப் பெட்டியை வாங்காதீர்கள். மரத் தக்ளி ஒன்று 20 பவுணுக்குள் கிடைக்கும். ஒரு தடியிலும் பழைய சீடியிலும் நீங்களே செய்தாலும் சுழலும். மெரினோ வேண்டாம், அது புதுக் கைக்கு வழுக்கும். ரொம்னி அல்லது ஷெட்லன்ட் ரோமம் எடுங்கள். முதல் வாரம் தக்ளியைத் தொங்கவிடாமல் தொடையோரம் வைத்து உருட்டி, முறுக்கு ஏறுவதை மட்டும் பாருங்கள். பல மாவட்டங்களில் நெசவாளர், நூற்போர், சாயமிடுவோர் கில்ட் இருக்கிறது. அங்கே வரும் பாட்டிமார் ஒரு மணித்தியாலத்தில் காட்டித்தருவதை நாற்பது வீடியோக்கள் காட்டாது. எத்தனை மீற்றர், எத்தனை மணித்தியாலம் என்று முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதல் சிட்டம் கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும். அதில் ஒரு தொப்பி பின்னலாம், குளிருக்கு அது போதும்.